மூன்று வெளிச்சத்தில் ஒரு நிறம்

பதினோராவது சீட்டைத் திருப்பிப் போட்டான் ஜாவித்.

டைமன் ஒன்பது.

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மேன்! மேடம், நீங்க மனசுல நினைச்ச கார்டு இதுதானே?"

சீதாலெட்சுமி கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"ம்? ஒன்பது... எட்டா? இல்ல, ஒன்பதுதான். சரி."

அவ்வளவுதான். கிள்ளான் நகரத்தின் அந்தக் கல்யாண மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஜாவித்தின் கறுப்புக் கோட்டுக்குள் வியர்வை முதுகெலும்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியது.

சீதாலெட்சுமி, மங்களா ஈவென்ட்ஸின் முதலாளி. வருடத்துக்கு நாற்பது கல்யாண விருந்துகளை நடத்துகிறவர். அந்த நாற்பது மேடைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு மேஜிக்காரரை இன்று தேர்ந்தெடுக்கப் போகிறார். வந்திருந்தவர்கள் பதினான்கு பேர்.

"தம்பி," என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. "இருபத்தோரு கார்டு. ஏழேழா மூணு வரிசை. எந்த வரிசைன்னு கேட்டு, அதை நடுவுல வச்சு அடுக்கணும். அப்படி மூணு தடவை செஞ்சா, நினைச்ச கார்டு பதினோராவதா வந்து நிக்கும். சரியா?"

ஜாவித் தலையாட்டினான்.

"என் மக ஸ்டாண்டர்ட் த்ரீ படிக்கும்போது, அவ பிறந்தநாளுக்கு இதைச் செஞ்சு காட்டினா. அவ கொஞ்சம் சிரிச்சுக்கிட்டு செஞ்சா."

பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. முதலில் சிரித்தவன் குரு. செராஸிலிருந்து புகை இயந்திரமும் இரண்டு ஸ்பீக்கரும் ஏற்றிக்கொண்டு தனி வேனில் வந்திருந்தவன்.

"பிரதர், கோட்டு மட்டும் சூப்பர் லா!" என்றான்.

ஜாவித் சீட்டுகளை வாரிக்கொண்டு இரண்டடி நடந்தான். நின்றான். திரும்பினான்.

"மேடம், இன்னொரு சான்ஸ் குடுங்க."

சீதாலெட்சுமி கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்.

"மூணரைக்கு வரவேண்டிய ஆள் வரலன்னு மெசேஜ் போட்டிருக்கான். அந்த இடத்துல வா. ஆனா என்னை ஒரு தடவையாவது நிமிர்ந்து உட்கார வைக்கணும். பாதியில போரடிச்சுது, எழுந்து போயிடுவேன். அப்புறம் கூப்பிடக் கூடாது."

"சரி மேடம்."

மணி பதினொன்று நாற்பது.

வெளியே, கார் நிறுத்துமிடத்தில், வெள்ளை மைவி காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள் ருமானா. அவன் மனைவி. தாய்மாமன் மகள். அவன் முகத்தைப் பார்த்ததுமே ஏசியைக் கொஞ்சம் கூட்டினாள்.

"என்ன மச்சான், கட் பண்ணிட்டாங்களா?"

"பாதி கட். மூணரைக்கு மறுபடி."

அவள் கைப்பையை மடியிலிருந்து எடுத்துப் பின்சீட்டில் போட்டாள். உள்ளே சாவிக்கொத்து சலங் என்றது. அந்தச் சத்தம் ஜாவித்துக்குப் பிடிக்கவே இல்லை.

காஜாங் கடையின் சாவி அது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் முப்பது வருடமாக ஜவுளிக்கடை நடத்தும் அவன் மாமா அகமது, காஜாங்கில் கிளை திறக்கிறார். ஜாவித்தும் ருமானாவும் இப்போது அவர் கடைக் கவுன்டரில்தான் நிற்கிறார்கள். திங்கட்கிழமை திறப்பு. நேற்று சாவியை மகளிடம் கொடுத்துச் சொல்லிவிட்டார்: "நாளைக்கு உன் மாப்பிள்ளைக்கு அந்த மேடை கெடைச்சிட்டா, நான் இனிமே வாயத் திறக்க மாட்டேன். கெடைக்கலன்னா, சாயங்காலம் இதை அவன் கையில குடுத்துடு. அந்தச் சீட்டுக்கட்டைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்லு. கல்லாவுல உக்காந்தவன் சீட்டாட்டக்காரன்னு ஊரு பேசக் கூடாது."

"வேற என்ன வித்தை இருக்கு உங்ககிட்ட?" என்று கேட்டாள் ருமானா, காரைப் பின்னால் எடுத்துக்கொண்டே.

"பெட்டி வித்தை ஒண்ணு இருக்கு, பெட்டி வேணும். மோதிர வித்தை கை இன்னும் பழகல. இந்த ஒண்ணுதான் கண்ணை மூடிக்கிட்டு செய்வேன்."

"அதான் பார்க்கிறவங்களும் கண்ணை மூடிட்டாங்களோ?"

"நீயுமா?"

"சும்மா கேட்டேன் லா. கோவிச்சுக்காதீங்க. பக்கத்துக் குடியிருப்பு தாமான்ல ஒரு ஆன்டிக்குச் சேலை காட்டணும். பத்து நிமிஷ வேலை. அப்புறம் சாப்பிட்டுக்கிட்டே யோசிப்போம்."

பத்து நிமிட வேலை ஐம்பது நிமிடம் ஆனது.

குமுதா ஆன்டிக்கு அடுத்த மாதம் மகள் கல்யாணம். பெண்ணுக்கு ஒன்பது சேலை எடுத்தாகிவிட்டது. தனக்கு ஒன்று எடுக்கத்தான் முடியவில்லை. வரவேற்பறைச் சோபாவில் பதினைந்து சேலைகள் பிரிந்து கிடந்தன. ருமானா ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள்.

"இது நல்லாத்தான் இருக்கு..." என்று இழுத்தார் குமுதா. "ஆனா..."

மூலையில், கோட்டும் தானுமாகச் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்த ஜாவித்துக்கு அந்த 'ஆனா' தாங்கவில்லை. எழுந்தான். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். கழுத்து டையை உருவினான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சேலை மூட்டையிலிருந்த வெள்ளைத் துணியை விரித்தான்.

"ஆன்டி, எடுத்த சேலைய விடுங்க. எடுக்காம விட்டு வந்த சேலை ஒண்ணு இருக்குமே, அது என்ன கலர்?"

குமுதா அவன் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் ஒண்ணு இருக்கும் ஆன்டி."

"அரக்கு. பச்சை பார்டர். பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு கடையில. தீபாவளிக்கு மூணு நாள் முந்தி. காசு எடுத்துக்கிட்டுத் திரும்பிப் போனா, வேற யாரோ வாங்கிட்டுப் போயிருக்காங்க."

ஜாவித் குவியலுக்குள் கையை விட்டு ஒன்றை உருவினான். அதே சேலை இல்லை. ஆனால் அரக்கு. ஓரம் இலைப்பச்சை.

"இது டியூப்லைட்டு வெளிச்சம். கடை வெளிச்சம். இது பொய் சொல்லும்" என்றான். "வாசலுக்கு வாங்க." வெயிலில் முந்தானையைப் பிடித்தான். "இப்ப பாருங்க. இது தெரு வெளிச்சம், பக்கத்து வீட்டுக்காரங்க பார்க்கிற வெளிச்சம்." பிறகு சாமி அறைக்குப் பக்கத்திலிருந்த மஞ்சள் பல்பின் கீழே கொண்டுபோனான். "இது மண்டப வெளிச்சம். போட்டோவுல விழப்போற வெளிச்சம். மூணுலயும் முகத்தோட ஒட்டிச்சுன்னா, அதான் ஆன்டி உங்க சேலை."

குமுதா கண்ணாடியைப் பார்க்கவில்லை. சேலையையே பார்த்தார்.

ஜாவித் அதை மடித்துக் கடையின் காகிதப் பைக்குள் போட்டு, வாயைச் சுருட்டி, ஸ்டேப்ளரால் டக், டக்கென்று இரண்டு முள் அடித்தான். அகமது மாமாவின் கடைச் சட்டம் அது. பிடித்த சேலையை மறுபடி விரித்துக் காட்டக் கூடாது. பையில் போட்டுப் பூட்டிக் கையில் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் போய்த் திறக்கும்போதுதான் அது அவர்களுடையதாகும்.

"சாமி முன்னால வச்சுட்டுத்தான் பிரிப்பேன்" என்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார் குமுதா.

காருக்கு வந்ததும் ருமானா கதவைத் திறக்காமல் நின்றாள்.

"மச்சான், ஆன்டிக்கு எத்தனை தடவை அந்தச் சேலையக் காட்டுனீங்க?"

"மூணு தடவை."

"ஒரே சேலை. மூணு தடவை. அவங்க கொட்டாவி விட்டாங்களா?"

ஜாவித் காரின் கூரையில் கை வைத்தான். வெயிலில் தகரம் சுட்டது. கையை எடுக்கவில்லை.

மூன்று தடவை. காலையில் அவனும் சீட்டுகளை மூன்று தடவைதான் அடுக்கினான். ஏன் அடுக்குகிறான் என்று அந்த மேடத்துக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. வித்தைக்குத் தேவை என்பதால் அடுக்கினான். பேங்க் பாரம் நிரப்புகிற மாதிரி. அந்த அம்மாவுக்கு டைமன் ஒன்பதும் ஒன்றுதான், எட்டும் ஒன்றுதான்.

"ருமானா! பிளவுஸ் மேட்சிங் அட்டை காரில இருக்கா?"

"டிக்கியில இருக்கு. ஏன்?"

உள்ளங்கை அளவு கெட்டி அட்டைகள். ஒரு பக்கம் துணி ஒட்டியிருக்கும், மறுபக்கம் வெள்ளை. அட்டைக்கு ஒரு நிறம். சேலைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி தேட, கடையில் தினமும் கையாளுகிற சாமான்.

"எத்தனை இருக்கு?"

அவள் எண்ணினாள். "இருபத்தாறு."

"அஞ்சை எடுத்துடு" என்றான் ஜாவித்.

ருமானா அவனை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தொன்று. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அலாமாக்! அதே வித்தையா? கண்டுபிடிச்சிட்டாங்கன்னா எழுந்து போயிடுவாங்க மச்சான்!"

"போகட்டும். போனா சாவியக் குடு."

மூன்று முப்பத்தைந்து. மண்டபம் முழுக்கப் புகை. குரு தன் முறையை முடித்துவிட்டு, ஸ்பீக்கர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சீதாலெட்சுமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினார்.

ஜாவித் கோட்டில்லாமல் வந்தான், பின்னாலேயே ருமானா. சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டியிருந்தான். கழுத்தில் இஞ்ச் டேப். மேடைக்கு ஏறவில்லை. நேராக அவர் உட்கார்ந்திருந்த மேசைக்குப் போய், கோப்பைகளை நகர்த்திவிட்டு, வெள்ளைத் துணியை விரித்தான்.

"வாங்க மேடம், வாங்க. என்ன பார்க்கிறீங்க?"

மஸ்ஜித் இந்தியாவில் தினமும் நூறு தடவை சொல்கிற வார்த்தை. அதே குரல்.

"நான் என்ன பார்க்கிறதா?" சீதாலெட்சுமி புருவத்தை உயர்த்தினார். "நீ காட்டு."

"காட்டுறேன். அதுக்கு முந்தி ஒரு கேள்வி. பதில் எனக்கு வேணாம், மனசுல வச்சுக்குங்க. நீங்க ஆசைப்பட்டு, கையில எடுத்து, அப்புறம் எடுக்காம விட்டுட்டு வந்த சேலை ஒண்ணு. எந்தக் கடை, எந்த வருஷம், ஒண்ணும் சொல்லாதீங்க. கலரை மட்டும் நினைச்சுக்குங்க."

சீதாலெட்சுமியின் கையிலிருந்த கைப்பேசி மெதுவாக மேசைக்கு இறங்கியது. கவிழ்ந்து படுத்தது.

ஜாவித் அட்டைகளை விரித்தான். அரக்கு, கத்திரிப்பூ, பாசிப்பச்சை, செங்கல், வான்நீலம், எலுமிச்சை. சேலையை அடுக்குகிற மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று பாதி படிய. மூன்று வரிசை.

"உங்க கலர் இதுல இருக்கா? இல்லன்னா பக்கத்துக் கலர் இருந்தாலும் போதும்."

"...இருக்கு."

"எதுன்னு காட்டாதீங்க. எந்த வரிசைன்னு மட்டும் சொல்லுங்க."

"இடது பக்கம்."

அட்டைகளை வாரினான். அந்த வரிசை நடுவில் போனது. பார்ப்பவர் கண்ணுக்கு, ஒரு ஜவுளிக்கடைக்காரன் கவுன்டரைச் சுத்தம் செய்கிறான். அவ்வளவுதான்.

"இது டியூப்லைட்டு மேடம். கடைக்காரன் வெளிச்சம். இதை நம்பி யாரு கலர் எடுப்பா? வாசலுக்கு வாங்க."

"வாசலுக்கா?"

"வெயில்ல பார்க்காம எங்க கடையில யாரும் எடுக்கிறதில்ல."

சீதாலெட்சுமி எழுந்தார். காலையில் சொன்னபடி எழுந்து போய்விடவில்லை, அவன் பின்னால் நடந்தார். உட்கார்ந்திருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து பின்தொடர்ந்தார்கள். வாசலில் பெயர் பதிகிற மேசை மேல் மாலை வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. ஜாவித் மறுபடி விரித்தான். வெயிலில் நிறங்கள் திடுக்கென்று விழித்துக்கொண்டன.

அப்போதுதான் அது நடந்தது.

சாலையில் ஒரு லோரி சீறிப் போனது. அதன் காற்று கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி வந்து மேசையில் அறைந்தது. அட்டைகளின் முனை ஒன்றாகத் தூக்கியது. ஒரே ஒரு அட்டை இடம் மாறினாலும் கணக்கு கெட்டது, பதினோராவது இடத்தில் வேறு நிறம் வந்து நிற்கும், காஜாங் சாவி கைக்கு வரும்!

படார்!

சீதாலெட்சுமியின் உள்ளங்கை மேசையில் விழுந்தது. வலது ஓரத்து வரிசையின் மேல். மற்ற இரண்டு வரிசைகளையும் அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற ருமானா தன் இரண்டு கையாலும் அவற்றை அமுக்கிக்கொண்டாள்.

காற்று போய்விட்டது. ஒரு அட்டைகூட நகரவில்லை.

இனி எந்த வரிசை என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"பத்திரமா வச்சுக்கிட்டீங்க மேடம்" என்றான் ஜாவித் மெல்ல. அவர் தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து குருவின் குரல் வந்தது. "ஏழு... ஏழு... ஹேய்! மேடம், இது வந்து காலையில..."

ஜாவித் அந்த வரிசையை நடுவில் வைத்து அட்டைகளை வாரிக்கொண்டிருந்தான்.

"நீ கொஞ்சம் சும்மா இரு லா!" சீதாலெட்சுமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் சேலை பார்த்துக்கிட்டிருக்கேன். தம்பி, அடுத்து எங்க?"

"மண்டப வெளிச்சம், மேடம்."

மேடையில் மணமக்கள் உட்காரும் இடத்துக்கு மேலே மஞ்சள் விளக்குகள். ருமானா ஓடிப்போய் சுவிட்சைப் போட்டாள். மேடையின் விளிம்பிலேயே துணியை விரித்தான் ஜாவித். மூன்றாவது தடவை. சீதாலெட்சுமி நடு வரிசையை இரண்டு விரலால் அவன் பக்கம் தள்ளினார், வாடிக்கையாளர் பிடித்த சேலையைத் தள்ளுகிற மாதிரியே.

ஜாவித் எல்லாவற்றையும் வாரி, துணிப்பக்கம் கீழே இருக்கும்படி கையில் பிடித்தான். ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டான்.

"இது உங்களுக்காக இல்ல. இதுவும் இல்ல. இது உங்க நாத்தனாருக்கு ஆகும்." யாரோ சிரித்தார்கள். "இது இல்ல. இது இல்ல..."

பத்து போயின. பதினோராவதை வெள்ளைத் துணியின் நடுவில் குப்புற வைத்தான். மிச்சம் பத்தும் ஓரத்துக்குப் போயின.

மண்டபத்தில் பதினைந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

அவன் அதைத் திருப்பவில்லை.

காற்சட்டைப் பின்பையிலிருந்து கடையின் காகிதப் பையையும் ஸ்டேப்ளரையும் எடுத்தான். அட்டையைப் பார்க்காமலேயே உள்ளே போட்டான். வாயைச் சுருட்டினான். டக். டக். இரண்டு முள். இரண்டு கையாலும் நீட்டினான்.

"அப்ப விட்டுட்டு வந்துட்டீங்க. இப்ப எடுத்துக்கிட்டுப் போங்க மேடம். மறுபடி வாங்க."

துணியை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான்.

பின்னால் காகிதம் கிழிகிற சத்தம்.

நாலடி. ஐந்தடி. ஆறடி.

"டேய் தம்பி!"

திரும்பினான். சீதாலெட்சுமி இரண்டு கையாலும் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெங்காயத்தோல் நிறம். மஞ்சள் விளக்கில் அது தாமிரம் மாதிரி மின்னியது.

"என் முதல் சம்பளத்துல எடுக்கப் பார்த்தது" என்றார். "பில் போடப் போற நேரத்துல எங்கம்மா சொன்னாங்க, இந்தக் கலர் உனக்கு எடுக்காதுடி, நீயே கறுப்புன்னு. வச்சுட்டு வந்துட்டேன். இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"இப்படி மேல பிடிங்க" என்றாள் ருமானா சட்டென்று. சீதாலெட்சுமி அட்டையைக் கன்னத்தருகே கொண்டுபோனார். ருமானா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கடைக்காரியின் கண். "உங்கம்மா தப்பா சொல்லிட்டாங்க மேடம். பிரமாதமா எடுக்குது."

கைதட்டல் அப்போது ஆரம்பித்தது. மற்ற மேஜிக்காரர்கள்தான் முதலில் தட்டினார்கள். போட்டிக்கு வந்தவர்கள்! ஒருவன் விசில் அடித்தான்.

சீதாலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதைக் காலையிலயே செஞ்சிருக்கலாமே! அந்தப் பழைய வித்தையக் கொண்டு வந்து ஏன் என் உயிரை எடுத்தே?"

இதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை முடிந்தது. ஜாவித்தால் மூட முடியவில்லை.

"மேடம், காலையில செஞ்சதும் இதுதான்."

"என்னது?"

"இருபத்தோரு அட்டை. மூணு வரிசை. மூணு தடவை. இது பதினோராவது."

ருமானா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சீதாலெட்சுமி மேடை விளிம்புக்குப் போனார். கிடந்த அட்டைகளை எண்ணினார். இருபது. கையிலிருந்ததோடு இருபத்தொன்று. உதடு மட்டும் அசைந்தது. ஏழு, ஏழு, ஏழு. வாசலைப் பார்த்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

வெடித்துச் சிரித்தார். மேடையைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தார்.

"எனக்குத் தெரிஞ்ச வித்தைய, என் கண்ணு முன்னாலயே, என்னையே வாசல் வரைக்கும் நடக்க வச்சு... ஏன்டா, நானே கையை வச்சு வரிசையக் காட்டிக் குடுத்திருக்கேன்!" பட்டியலை எடுத்தார். ஜாவித்தின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அதன் மேல் இன்னொன்று. "நாற்பது மேடையும் உனக்கு. ஒரே கண்டிஷன். அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு வந்தே, உள்ளே விட மாட்டேன்."

"சரி மேடம்!"

"இந்த அட்டை எனக்கு. திருப்பித் தர மாட்டேன்."

குரு பக்கத்தில் வந்து நின்றான். கையை நீட்டினான். "பிரதர், நான் எண்ணிட்டேன். ஆனா இன்னொரு தடவை வாயத் திறந்திருந்தா மேடம் அடிச்சிருப்பாங்க." அவன் கைகுலுக்கல் உறுதியாக இருந்தது.

காருக்கு வந்ததும் ருமானா கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டாள்.

"வாப்பா, கெடைச்சிடுச்சு. நாற்பதும்."

மறுமுனையில் கடைக்குள் யாரோ துணி கிழிக்கிற சத்தம் கேட்டது.

"என்ன வித்தை காட்டினான்?" என்று கேட்டார் அகமது.

"நம்ம கடை வித்தைதான் மாமா" என்றான் ஜாவித். "மூணு வெளிச்சம். ரெண்டு முள்ளு."

"அட!" மாமாவின் குரலில் சிரிப்பை அடக்குகிற கனைப்பு. "சொன்ன சொல்லு சொன்னதுதான். இனிமே வாயத் திறக்க மாட்டேன். ஆனா, திங்கக்கிழம காஜாங் கடைய யாரு திறக்கிறது? ஆளு வேணுமே!"

ருமானா பின்சீட்டுக்குக் கையை நீட்டி, கைப்பையை இழுத்து, சாவிக்கொத்தை எடுத்தாள். சலங்.

"சாவி என்கிட்டதானே இருக்கு வாப்பா. நானே திறக்கிறேன்."

"நீயா?"

"பத்து வருஷமா கவுன்டர்ல நிக்கிறேன். உங்க மருமகனுக்கு இன்னைக்கு அட்டை குடுத்ததே நான்தான்."

அகமது யோசித்தார். கடைசியில் கேட்டார்: "அங்க வாசல்ல வெயில் எந்த நேரம் விழும்னு தெரியுமா உனக்கு?"

"காலையில ஒன்பதுலேர்ந்து பதினொன்றரை வரைக்கும். போன வாரமே போய் நின்னு பார்த்துட்டேன்."

சாவியை ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டிவிட்டு, ருமானா காரைக் கிளப்பினாள்.